ஏரியை விடுங்கள், சேற்றைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் ஐப்பசி பிறந்தால் குடையைத் தேடி எடுப்போம். ஹைதராபாத்தில் அதே மாதம் குடையை மடித்துப் பரணில் போடுவார்கள். தென்மேற்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தெலங்கானாவை விட்டு விலகிவிடும். அதற்குள் செருவுகள், அதாவது நம்மூர்க் கணக்கில் ஏரி குளங்கள், நிரம்பியிருக்கும். பருத்திக் காய்கள் வெடிக்கத் தொடங்கும். விடியற்காலையில் ஸ்வெட்டரை எடுக்கலாமா என்று ஒரு யோசனை வரும். பறவை பார்க்கிறவர்களுக்கு இந்த ஊரில் வருடம் பிறப்பதே இப்போதுதான். சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் கசகஸ்தானிலும் கோடையைக் கழித்த பறவைகள் தக்காணத்தில் வந்து இறங்குகிற நேரம் இது.

நான் நாங்குநேரிப் பக்கம் பிறந்தவள். எங்கள் ஊரிலிருந்து கூந்தன்குளத்துக்குச் சைக்கிளில் போய்விடலாம். அங்கே வீட்டு முற்றத்து மரத்திலேயே நாரை கூடு கட்டும், யாரும் கல்லெறிய மாட்டார்கள். அதனால் சின்ன வயதில் பறவை எனக்கு ஓர் அதிசயமாகவே தெரிந்ததில்லை. கல்யாணமாகி ஹைதராபாத் வந்து, பட்டன்செருவிலுள்ள இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் சோளப் பாத்திகளில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அது விரோதியாகவே ஆகிவிட்டது. கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து, வெளிர் ரோஜா நிற உடம்பும் கருப்புத் தலையுமாக ஒரு கூட்டம் வந்து விழும். தகரம் தட்டி விரட்டுவது ஆட்கள் வேலை. எத்தனை கதிர் போயிற்று என்று எழுதுவது என் வேலை. இதன் பெயர் சூறைக்குருவி, மத்திய ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது, அங்கே இதற்கு முக்கியத் தீனி வெட்டுக்கிளி என்றெல்லாம் நிறுவனத்தில் ஒருவர் சொன்னார். எந்த ஊரிலிருந்து வருகிறது என்று தெரிந்தபின் அதைக் கதிர்க் கணக்கோடு மட்டும் பார்க்க முடியவில்லை. அடுத்த சம்பளத்தில் ஒரு பைனாகுலர் வாங்கினேன்.

இப்போது ஓய்வு பெற்றாயிற்று. தசரா முடிந்து தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, கச்சிபௌலியில் ஐ.டி. வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் காரை எடுத்துக்கொண்டு வந்தான். காலையில் அமீன்பூர், மத்தியானம் சங்காரெட்டியைத் தாண்டி மஞ்சீரா ஆறு. அதுதான் திட்டம்.

அமீன்பூர்ப் பெரிய செருவு நகரத்தின் மேற்கு ஓரத்தில், மியாப்பூரைத் தாண்டி இருக்கிறது. இப்ராஹிம் குதுப் ஷா கோல்கொண்டாவை ஆண்ட 16ஆம் நூற்றாண்டில் வெட்டியது. ஒரு காலத்தில் 300 ஏக்கர் இருந்த ஏரி, இன்று சுமார் 93 ஏக்கர். 2016 நவம்பரில் இதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. நகரத்து நீர்நிலை ஒன்றுக்கு இந்தியாவில் இந்தத் தகுதி கிடைத்தது அதுவே முதல் முறை. இன்று சுற்றிலும் அடுக்குமாடிகள். பால்கனியில் துணி உலர்த்துகிறவர்களுக்கும் கூழைக்கடாவுக்கும் நடுவே ஒரு சாலைதான்.

காரை விட்டு இறங்கியதும் பையன் நேராக ஏரிக்கரைக் கட்டின் மேல் ஏறப் போனான். நான் எதிர்ப்பக்கம் நடந்தேன்.

“அத்தை, தண்ணி இந்தப் பக்கம்லா இருக்கு?”

“தண்ணியப் பாக்கவால வந்தோம்? இங்கிட்டு வா.”

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் ஏரிகளானாலும் இவர்கள் செருவானாலும் அமைப்பு ஒன்றுதான். சரிவின் கீழ்முனையில் மண்ணை உயர்த்தி ஒரு கட்டு. இங்கே அதற்குக் கட்ட என்று பெயர். மதகுக்குத் தூமு. மிகுதித் தண்ணீர் வழிகிற கலிங்கலுக்கு அலுகு. கட்டை ஒட்டி ஆழம் அதிகம். அங்கிருந்து மேலே போகப் போக ஆழம் குறைந்து, வாய்க்கால் வந்து சேரும் மேல்முனையில் கணுக்கால் தண்ணீர், அதற்கும் அப்பால் வெறும் சேறு. மழை நின்றதும் தண்ணீர் நாளுக்கு நாள் பின்வாங்கும். பின்வாங்கிய இடத்தில் புழு, நத்தை, பூச்சி முட்டை எல்லாம் மேலே தெரியும். வடக்கேயிருந்து வரும் கரைப்பறவைகளுக்குச் சாப்பாடு அங்கேதான். ஏரியின் நடுவில் என்னதான் நீலமாகத் தண்ணீர் நின்றாலும் ஓர் உள்ளானுக்கு அதனால் பயனில்லை.

மேல்முனையில் பத்துக்கம்மாப் பண்டிகையின் மிச்சம் கிடந்தது. தசராவுக்கு முன் ஒன்பது நாள் தெலங்கானாப் பெண்கள் தங்கேடு, அதாவது நம் ஆவாரம்பூ, குனுகு என்னும் பண்ணைக்கீரைப் பூ, சாமந்தி எல்லாவற்றையும் தட்டில் கோபுரமாக அடுக்கி, சுற்றிவந்து பாடி, செருவில் விடுவார்கள். பூ அழுகிப் போய் குனுகுத் தண்டு மட்டும் கரையோரம் ஒதுங்கியிருந்தது. அந்தத் தண்டுகளுக்கு நடுவே இரண்டு வாலாட்டிகள் வாலை ஆட்டிக்கொண்டு ஈ பிடித்தன. எடை இருபது கிராம் சொச்சம். இமயத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்தவை. பிளாஸ்டிக் சாமந்தி கலக்காத வரை இந்தப் பூக்களால் ஏரிக்கு ஒரு கெடுதியும் இல்லை என்பது என் கட்சி.

சேற்றில் உட்கார்ந்து பார்க்கப் பொறுமை வேண்டும். முதல் பத்து நிமிடம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். பிறகு சேறே நகர ஆரம்பிக்கும். ஈரம் காய்ந்து வெடித்த இடத்தில் கழுத்தில் கருப்புப் பட்டையோடு பட்டாணி உப்புக்கொத்தி ஓடும், நிற்கும், ஓடும். பளபளவென்று ஈரம் மின்னும் விளிம்பில் கொசு உள்ளான். பெயருக்கு ஏற்ற உருவம், நம் சிட்டுக்குருவி அளவுதான். அதன் சொந்த ஊர் ஆர்க்டிக் துந்திரம், மரமே முளைக்காத பூமி. விரலளவு தண்ணீரில் பொரி உள்ளான். கணுக்கால் தண்ணீரில் சிவப்புக் குச்சிக் கால்களோடு நெடுங்கால் உள்ளான். இன்னும் உள்ளே தள்ளி நத்தை குத்தி நாரை. கல்யாணப் பந்தியில் அவரவர் வரிசை தெரிந்து உட்காருகிற மாதிரி, கால் நீளத்தையும் அலகு நீளத்தையும் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆழம். ஒரு சாண் தண்ணீர் ஏறினால் முதல் இரண்டு வரிசைக்கும் இலை கிடையாது.

பையன் போனில் மெர்லின் செயலியை ஓட்டிக்கொண்டிருந்தான். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தருவது. குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும். வேலமரத்தில் ‘ட்சிவீ’ என்று ஒரு சத்தம் கேட்டதும் இலைக் கதிர்க்குருவி என்றது. சரிதான். எனக்கு அந்தச் சத்தம் மனப்பாடமாக எத்தனையோ குளிர்காலம் ஆயிற்று. அவனுக்கு அரை நிமிடம். பொறாமைதான், வேறென்ன சொல்ல? ஆனாலும் எதைப் பார்த்தோம் என்று பட்டியல் எழுதி அதே ஆய்வகத்தின் இ-பேர்ட் தளத்தில் ஏற்றச் சொல்லி நான்தான் பழக்கினேன். வீட்டு மாடியில் பார்த்த காகம், புறாவைக்கூட எழுதலாம். அப்படி நாடு முழுவதும் சுமார் 30,000 பேர் எழுதிய மூன்று கோடிப் பதிவுகளை வைத்துத்தான் 2023இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை வந்தது. 942 இனங்களைக் கணக்கில் எடுத்த அறிக்கை அது.

சலீம் அலி இதே ஹைதராபாத் ராஜ்யத்தில் 1931இல் பறவைக் கணக்கெடுக்க வந்தபோது கையில் துப்பாக்கி இருந்தது. அன்றைய முறை அது, சுட்டுத் தோலைப் பாடம் செய்து வைத்தால்தான் ஆதாரம். மனைவி தெஹ்மினாவும் கூடவே வந்தார். நிஜாம் நாட்டின் காடு, குன்று, ஏரி எல்லாம் சுற்றி எழுதிய அந்தக் கட்டுரைகள்தாம் இந்தப் பகுதிக்கு இன்றும் அடிப்படை. பின்னாளில் திருவிதாங்கூர், கொச்சி என்று சமஸ்தானம் சமஸ்தானமாக அவர் செய்த ஆய்வுகளுக்கெல்லாம் பிள்ளையார் சுழி இங்கேதான் போட்டார்.

ஏரிக்கு வருவோம். தண்ணீர் பின்வாங்கும் இந்த மேல்முனை நிலத்துக்கு வருவாய்த்துறையில் சிகம் நிலம் என்று பெயர். பழைய நாளில் தண்ணீர் இறங்கியதும் அதில் ஒரு போகம் விதைப்பார்கள். வருடத்தில் பாதி நாள் காய்ந்து கிடப்பதால், பார்க்கிறவன் கண்ணுக்குக் காலி மனை. 300 ஏக்கர் 93 ஆனதில் பெரும் பங்கு இந்த ஓரம்தான், கட்டுப் பக்கத்தை யாரும் தொட முடியாது. 2024 ஜூலையில் ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற ஹைட்ரா என்று தனி அமைப்பையே மாநில அரசு ஏற்படுத்தியது. அந்த செப்டம்பரில் அமீன்பூர்ப் பக்கமும் இயந்திரங்கள் வந்து கட்டடங்களை இடித்தன. முழு நீர்மட்ட எல்லை எது என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு இன்னும் சண்டை நடக்கிறது. கடன் வாங்கி வீடு வாங்கியவர்களின் பாடு தனிக் கதை, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஏரிக்குள் மனை போட்டு விற்றவன் பணத்தோடு போய்விட்டான்.

ஆக்கிரமிப்பாவது கண்ணுக்குத் தெரிகிற எதிரி. அழகுபடுத்தல் அப்படியல்ல. ஏரியைச் சுற்றிக் கருங்கல் சரிவு, நடைபாதை, வண்ண விளக்கு, நடுவில் நீரூற்று. திறப்பு விழாவில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் சேறு போயிற்று, விளிம்பே போயிற்று. தண்ணீர் கிண்ணத்தில் நிற்கிறது. 2015இல் தொடங்கிய மிஷன் காகதீயா திட்டத்தில் 46,000க்கும் மேற்பட்ட செருவுகளைத் தூர்வாரத் திட்டமிட்டார்கள். விவசாயிக்கு அது தேவை, வண்டல் வயலுக்குப் போனதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் தூர்வாரும்போது அடிமட்டத்தை ஒரே சீராகத் தோண்டாமல் சரிவை அப்படியே விட வேண்டும் என்பதை இயந்திரம் ஓட்டுகிற தம்பிக்கு யாராவது சொல்ல வேண்டுமே!

எட்டரை மணிக்குச் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று நாணலுக்கு மேல் தாழ்வாக வந்தது. கிளுவைகள் மொத்தமாக எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி உட்கார்ந்தன. மீன் பிடிக்கும் பெரியவர் ஒருவர் தெர்மகோல் மிதவையில் வலையைச் சுருட்டிக்கொண்டே வந்தார். “அம்மா, இந்த வருஷம் குதிரைக் குளம்பு குறைச்சல், வாத்து முன்னாடியே வந்திருக்கு” என்று தெலுங்கில் சொன்னார். வெங்காயத் தாமரையைத்தான் சொல்கிறார், அவர்கள் பாஷையில் அது குதிரைக் குளம்பு. தண்ணீர் மேல் படர்ந்து வெளிச்சத்தை மறைத்துவிடும் அந்தக் களையைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு எந்த அதிகாரிக்கும் தெரியாது.

சங்காரெட்டிக்குப் போகிற வழியில், நெடுஞ்சாலையை விட்டு விலகி ஒரு பாறைக் குன்றருகே இட்லியைப் பிரித்தோம். ஹைதராபாத்தைச் சுற்றிலும் இருக்கும் இந்தக் கருங்கல் குன்றுகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறியதும் பாறை ஓணான் தலையை ஆட்டியது. கௌதாரி எங்கோ கத்தியது. கீரி ஒன்று சாலையைக் கடந்து சீத்தாப்பழப் புதருக்குள் போயிற்று. அந்தப் பழமும் இந்த மாதத்துக்குத்தான். ரோட்டோரக் கூடைகளில் எல்லாம் சீத்தாப்பழம்.

மின்கம்பியில் பனங்காடை. உட்கார்ந்திருக்கும்போது மங்கலான பழுப்பு, கவனிக்கத் தோன்றாது. வெட்டுக்கிளியைக் கண்டு கீழே பாய்ந்தபோது இறக்கை விரிந்தது. இரண்டு நீலம். கரு நீலம், அதை ஒட்டி வெளிர் நீலம். பையன் “யத்தே!” என்று கத்திவிட்டான். அவன் நகரத்தில் இருக்கும் இத்தனை நாளில் இதைக் கவனித்ததே இல்லையாம்.

தெலங்கானாவின் மாநிலப் பறவை இது, பாலபிட்ட. விஜயதசமி அன்று இதைப் பார்த்தால் அந்த வருடம் எடுத்ததெல்லாம் ஜெயம் என்று நம்பிக்கை. அஞ்ஞாதவாசம் முடித்த பாண்டவர்கள் வன்னி மரத்திலிருந்து ஆயுதங்களை இறக்கிக்கொண்டு திரும்புகையில் கண்ணில் பட்டது இந்தப் பறவைதான் என்று கதை சொல்வார்கள். அந்த வன்னி, ஜம்மி என்ற பெயரில், மாநில மரம். கிராமத்தில் இந்த வழக்கம் அழகானது. சாயங்காலம் குடும்பமாக வயல் பக்கம் நடந்து, வரப்பில் நின்று, கம்பியிலும் கிளையிலும் தேடுவார்கள். பார்த்ததும் கைகூப்புவார்கள். வயலில் பூச்சி பிடிக்கும் பறவைக்கு விவசாயி கும்பிடு போடுவதைவிடப் பொருத்தமான பண்டிகை எது? நகரத்தில் வயலுமில்லை, நேரமுமில்லை. அதனால் சில ஆண்டுகளாகப் பறவையே நகரத்துக்கு வந்தது, கூண்டில். பசை தடவிப் பிடித்து, பறக்காதபடி இறக்கையைக் கட்டி, கோயில் வாசலில் காசுக்குக் காட்டினார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறை பறிமுதல் செய்த பறவைகளில் பலவற்றால் மறுபடி பறக்க முடிவதில்லை. வெற்றிக்காக வந்து கும்பிடுகிறவர் கட்டிப்போட்ட இறக்கையைப் பார்த்து என்ன வெற்றியை எதிர்பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. நான் சொன்ன 2023 அறிக்கையில், 30 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டதால் உலகச் செம்பட்டியலில் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று சுட்டிய இனங்களில் பனங்காடையும் ஒன்று.

இந்தக் குன்றும் புதரும்கூடச் சிகம் நிலத்தைப் போலத்தான், காகிதத்தில் காலி இடம். பையன் வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே 2025 மார்ச் கடைசியில் அது நடந்தது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்ச கச்சிபௌலியில் 400 ஏக்கரில் மரங்களைச் சாய்க்க இயந்திரங்கள் இறங்கின. மாணவர்கள் மறித்தார்கள். ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து மரம் வெட்டுவதை நிறுத்தியது. காஞ்ச என்றால் மேய்ச்சல் நிலம். புள்ளிமானும் மயிலும் நட்சத்திர ஆமையும் உள்ள இடம். அதுவரை ஆபீஸ் ஜன்னல் வழியே அதை வெறும் பொட்டலாகப் பார்த்தவன், அந்த வாரம்தான் என்னிடம் பைனாகுலர் கேட்டான்.

மஞ்சீராவை அடைந்தபோது மணி பன்னிரண்டு. சங்காரெட்டிக்கு அருகே கல்பகூர் அணையிலிருந்து சிங்கூர் அணை வரை ஆற்றின் ஒரு நீளமான துண்டு 1978 முதல் சரணாலயம். ஹைதராபாத்துக்குக் குடிதண்ணீர் தருகிற நீர்த்தேக்கமும் இதுவே. முதலை இருக்கிற தண்ணீரைத்தான் இத்தனை வருடமாகக் காய்ச்சிக் குடிக்கிறோம் என்றதும் பையன் முகம் மாறியது. நன்னீர் முதலைகள் இங்கே கணிசமாக உண்டு. குளிர் தொடங்கியதும் உச்சி வெயிலுக்குத் திட்டுகளில் ஏறிப் படுக்கும். அவற்றின் ரத்தம் தானாகச் சூடாகாது, வெயிலை வாங்கித்தான் உடம்பு சூடேற வேண்டும். அன்றைக்கு ஆறு நிறைந்து திட்டுகள் பாதி முழுகியிருந்தன. காவலர் கைகாட்டிய பாறையை நெடுநேரம் பார்த்தும் பாறையாகவே இருந்தது. பிறகு அது வாயைத் திறந்தது. பத்தடி இருக்கும். திறந்த வாயை மூடவே இல்லை. அது கோபமல்ல, சூடு அதிகமானால் வாய் வழியே ஆற்றிக்கொள்ளும் வழி.

ஆற்று ஆலாக்கள், நீருக்கு மேல் ஓரிடத்திலேயே சிறகடித்து நின்று குறி பார்க்கும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி, மரத்தில் இறக்கை விரித்து உலர்த்தும் நீர்க்காகங்கள் எல்லாம் கிடைத்தன. பையன் கேட்ட வரித்தலை வாத்து மட்டும் இல்லை. திபெத், மங்கோலியப் பீடபூமிகளிலிருந்து இமயத்தைத் தாண்டி வரும் அதை 7,000 மீட்டருக்கு மேல் பறந்ததாக ஆய்வாளர்கள் கருவி கட்டி அளந்திருக்கிறார்கள். அது இங்கே நிறையச் சேர நவம்பர் கடைசி ஆகும், மார்ச்சில் கிளம்பிவிடும்.

போக நினைக்கிறவர்களுக்கு: எட்டு மடங்கு பெருக்கும் 42 மில்லிமீட்டர் பைனாகுலர் போதும். பளிச்சென்ற சட்டை வேண்டாம். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். கூட்டத்தோடு கற்றுக்கொள்ள வேண்டுமானால், 1980இல் ஆந்திரப் பறவை நோக்கர் சங்கமாகத் தொடங்கி இன்று டெக்கான் பேர்டர்ஸ் என்ற பெயரில் இயங்கும் குழு ஹைதராபாத்தில் இருக்கிறது. சென்னையில் பள்ளிக்கரணை, கோவையில் சிங்காநல்லூர், எங்கள் பக்கம் கூந்தன்குளம் என்று எல்லா ஊரிலும் ஒரு நீர்நிலை உண்டு. உங்கள் ஊர் ஏரியை அழகுபடுத்தப் போவதாக நகராட்சி அறிவித்தால் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போங்கள். நடைபாதை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டுப் பக்கம் போட்டுக்கொள்ளட்டும், தண்ணீர் வந்து சேரும் மேல்முனையில் மட்டும் கல் பதிக்காமல் சேற்றை அப்படியே விடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.